தயிர் உறையாத பால்: ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு மாட்டு மருந்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாரண்டஹள்ளி பக்கம் வீட்டுக்கு ஒன்றிரண்டு கறவை மாடு இருக்கும். என் காலேஜ் ஃபீஸில் பாதி பால் காசுதான். அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு :)

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் ஜெர்சி மாட்டுக்கு மடிநோய் வந்தது. மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார், காம்பு வழியாக டியூப் மருந்தும் ஏற்றினார். "மருந்து முடிஞ்சும் மூணு நாலு நாளைக்குப் பாலை ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் பால் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆயா அதில் உறை ஊற்றி வைத்தார். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது, தயிர் ஆகவில்லை! "ஊசி போட்ட பாலு, உறையாது" என்றார் ஆயா, ரொம்ப சாதாரணமாக.

அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கை. அந்த வேடிக்கையில்தான் இந்த விஷயத்தின் முழு வரலாறும் தொடங்குகிறது என்பது இப்போது படித்தபோதுதான் தெரிந்தது.

1928ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தது நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1940களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் குழுவினர் அதை மருந்தாக்கினார்கள். மனிதனுக்கு வந்த மருந்து மாட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. அந்தக் காலத்தில் மடிநோய்க்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி. பென்சிலினுக்கு அது உடனே அடங்கியது. உலகப்போர் முடிந்த கையோடு மேற்கு நாடுகளில் மாட்டின் காம்பு வழியே பென்சிலின் ஏற்றுவது பரவிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். 1940களின் கடைசியில் சீஸ் தயாரிக்கும் ஆலைகளில் ஒரு குழப்பம். நாம் உறைமோர் ஊற்றுவது போல அவர்களும் பாலில் நல்ல பாக்டீரியாக்களைக் கலப்பார்கள். சில நாட்களில் அது வேலை செய்யவே இல்லை, பால் புளிக்கவில்லை. பால் சுத்தம், பாத்திரம் சுத்தம், பிறகு ஏன்? காரணம் எளிது. பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவும் மடிநோய்க் கிருமியும் கிட்டத்தட்ட உறவினர்கள். கெட்டதைக் கொன்ற மருந்து பாலோடு வந்து நல்லதையும் கொன்றுவிட்டது. ஆக, பாலில் மருந்து இருப்பதை முதலில் கவனித்தவர்கள் பொது சுகாதார அதிகாரிகள் அல்ல, நஷ்டப்பட்ட வியாபாரிகள். ஒரு காமர்ஸ் மாணவனாக இதில் எனக்கு ஒரு சந்தோஷம்!

மனித உடல்நலம் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் பெரிதானது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மிகச் சிறிய அளவே போதும், தொல்லை கொடுக்கும். இன்னொன்று, குறைந்த அளவு மருந்தில் பிழைத்த கிருமி அதற்குப் பழகிவிடும். இதை 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே ஃபிளெமிங் எச்சரித்தார். பாலைக் காய்ச்சிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம்பத்தில் இருந்த முறை இது. ஒரு தட்டில் கிருமியைப் பரப்பி வளர்ப்பார்கள். பாலில் நனைத்த சின்ன காகித வட்டத்தை அதன்மேல் வைப்பார்கள். பாலில் மருந்து இருந்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு தெளிவான வளையம் தெரியும். முறை நல்லதுதான், ஆனால் ஆய்வகம் வேண்டும், பல மணி நேரம் ஆகும். பால் அதுவரை காத்திருக்குமா?

1970களில் நெதர்லாந்தின் கிஸ்ட் பிரோகேட்ஸ் கம்பெனி 'டெல்வோடெஸ்ட்' என்ற சோதனையைக் கொண்டுவந்தது. இதில் பயன்படும் பாக்டீரியாவுக்கு 64 டிகிரி சூடு பிடிக்கும். பாலில் இருக்கும் மற்ற கிருமிகள் அந்தச் சூட்டில் வளராது, அதனால் குழப்பம் இல்லை. சின்னக் குப்பியில் ஊதா நிறக் கூழ், அதன்மேல் சில சொட்டு பால். இரண்டரை மூன்று மணி நேரத்தில் பாக்டீரியா வளர்ந்து புளிப்பை உண்டாக்கினால் ஊதா மஞ்சளாக மாறும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். யோசித்துப் பாருங்கள், இது எங்கள் ஆயா சட்டியில் பார்த்த அதே சோதனைதான். உறைந்தால் நல்ல பால், உறையாவிட்டால் மருந்துப் பால். நிறம் மட்டும்தான் புதுசு!

பிறகு அமெரிக்காவில் ஸ்டான்லி சார்ம் உருவாக்கிய சோதனைகள் நேரத்தை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தன. இன்று கர்ப்பம் பார்க்கும் பட்டை போலவே பாலுக்கும் பட்டைகள் இருக்கின்றன. நம் நாட்டில் கர்னால் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனமும் பாக்டீரியா வித்துகளை வைத்து ஒரு சோதனைப் பட்டையை உருவாக்கியிருக்கிறது.

கருவியை விட எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. அமெரிக்காவில் 1992 முதல் ஒவ்வொரு டேங்கர் பாலையும் பென்சிலின் வகை மருந்துகளுக்குச் சோதித்த பிறகே பதப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பண்ணையின் பாலிலும் தனித்தனி சாம்பிள் எடுத்து வைத்திருப்பார்கள். டேங்கர் மாட்டிக்கொண்டால் எந்தப் பண்ணை என்று தேடிப் பிடித்து, அவர் தலையிலேயே பொறுப்பு விழும். தவறு செய்தால் செலவு உன்னுடையது என்பதுதான் சட்டத்தின் சாரம்.

இங்கே ஒரு கணக்கு போடுவோம். ஐரோப்பாவில் ஒரு கிலோ பாலில் பென்சிலின் 4 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. ஒரு லட்சம் யூனிட் பென்சிலின் என்பது சுமார் 60 மில்லிகிராம். அது முழுவதும் பாலில் இறங்கினால் 15,000 லிட்டரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். பாதிதான் இறங்குகிறது என்றாலும் 7,500 லிட்டர். ஒரே ஒரு மாடு!

நம் நாட்டுக்கு வருவோம். 2018ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1,103 நகரங்களில் 6,432 பால் சாம்பிள்களை எடுத்துச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. 77 சாம்பிள்களில் ஆன்டிபயாடிக் அளவுக்கு மேல் இருந்தது, அதாவது 1.2 சதவீதம். (தமிழ்நாடு அதிகம் மாட்டியது வேறு விஷயத்தில். தீவனப் பூஞ்சையால் வரும் அஃப்லாடாக்ஸின் நம் 551 சாம்பிள்களில் 88ல் அளவு மீறியிருந்தது.) 1.2 சதவீதம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பல வீட்டுப் பால் ஒன்றாகக் கலக்கும்போது மருந்தும் நீர்த்துப்போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே 2019 ஜூலையில், மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் பயன்படும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு தடை செய்தது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். ஆயாவின் பால் உறையாத அன்று மாலை என்ன செய்தோம்? வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பால் வாங்கினோம். எங்கள் மாட்டுப் பாலைக் கேனில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினோம். கொண்டுபோனது நான்தான். டிகிரி பார்த்தார்கள், கொழுப்பு பார்த்தார்கள், பணம் எழுதினார்கள். மருந்தைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் அல்ல. ஒரு நாளைக்கு 8 லிட்டர், லிட்டர் 30 ரூபாய் என்றால் 240 ரூபாய். சிகிச்சை நாளும் காத்திருக்கும் நாளும் சேர்த்து ஒரு வாரம், 1,680 ரூபாய். அதோடு மருந்துச் செலவு, மாட்டுக் கடன் தவணை. உண்மையைச் சொன்னால் முழு நஷ்டமும் எங்களுக்கு, மறைத்தால் ஊருக்கெல்லாம் துளித்துளியாகப் பிரிந்துவிடும். எங்கள் எகனாமிக்ஸ் வகுப்பில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரிய அந்தக் கேன் போதும்.

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஒரு பண்ணையே ஒரு டேங்கரை நிரப்பும், இங்கே ஒரு கேனுக்குள் நாலு வீடு. 7,500 லிட்டருக்கு அப்பா பணம் கட்ட முடியுமா? என் யோசனை இதுதான். "என் மாட்டுக்கு ஊசி போட்டிருக்கு" என்று சொல்பவருக்கு அந்த வாரப் பாலுக்கு ஒரு பகுதிப் பணமாவது கிடைக்க வேண்டும், காப்பீடு மாதிரி. ஒரு டேங்கர் வீணாவதோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. கூடவே மருந்துத் தேவையையே குறைக்க வேண்டும். கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியைச் சுத்தம் செய்வது முதல் படி. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சை இன்று தேசிய பால்வள வாரியமே மடிநோய்க்குப் பரிந்துரைக்கிறது. ஆரம்பத்திலேயே கவனித்தால் ஊசி வரை போகாமல் இருக்க வாய்ப்புண்டு.

போன வருடம் எங்கள் மாட்டுக்கு மறுபடி மடி வீங்கியது. இந்த முறை ஊசி போட்ட பாலை நானே எருக்குழியில் ஊற்றினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த வாரம் எனக்கு பஸ் செலவுக்குக் காசு கொஞ்சம் இடித்தது. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் நாங்கள் குடிக்க யோசித்த பாலை யாரோ ஒரு வீட்டுக் குழந்தைக்கு அனுப்பவில்லை.

உங்கள் வீட்டில் என்றாவது காரணம் தெரியாமல் தயிர் உறையாமல் போனால், உறைமோரை மட்டும் குறை சொல்லாதீர்கள். பால் எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் கேளுங்கள்.