சவர்க்காரம் லேசில் போகாத ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் சொந்தக்காரர்கள் முதல் நாள் குளித்துவிட்டு வந்து சொல்லுற ஒரு விஷயம் உண்டு. "என்ன இது, எவ்வளவு ஊத்தினாலும் சவர்க்காரம் வழுக்கிக்கொண்டே நிக்குது!" நாங்கள் அங்கே போனால் கதை தலைகீழ். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் வன்னீர், மென்னீர் என்று படித்ததெல்லாம் இதுதான். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லுக்குள்ளே இறங்குது. கல்சியமும் மக்னீசியமும் கரைந்து வருது. கண்டியில் மழை பழைய உருமாறிய பாறைக்கு மேலால் ஓடி வருது. அந்தப் பாறை லேசில் கரையாது.

ஆனால் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் கூட வேண்டாம், திகனப் பக்கம் போனாலே தண்ணி மாறிவிடும். அங்கே நிலத்துக்கடியில் பளிங்குச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணி காய்ச்சுற வீடுகளில் கேத்தலுக்குள்ளே வெள்ளைப் படை பார்க்கலாம். இலங்கையின் குடிநீர் தர நியமம் வன்மைக்கு வைத்திருக்கும் மேல் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். குழாய்த் தண்ணி குடிக்கும் கண்டி நகரத்தாருக்கு அந்த எல்லையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே இல்லை.

கவலைப்பட வேண்டியவர்கள் மகாவலியின் கீழ்ப்பக்கம் இருக்கிறார்கள். கண்டி போதனா வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவுக்கு கிராந்துருக்கோட்டையிலிருந்து வரும் விவசாயிகளின் வயலுக்குப் பாய்வது எங்கள் ஊரைத் தாண்டிப் போன அதே ஆற்றுத் தண்ணி. குடித்ததோ வன்மையும் புளோரைட்டும் கூடிய கிணற்றுத் தண்ணி. அந்த நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சந்தேகப் பட்டியலில் மட்டும் கிணற்றுத் தண்ணி எப்போதும் முன்வரிசையில் இருக்குது.

அப்படியானால் எங்கள் மென்னீர் நல்ல நீரா? சரித்திரத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

தலதா மாளிகைக்குப் பக்கத்தில் ராணிகள் குளித்த மண்டபத்துக்கு 'உல்பென்கே' என்று பெயர். சிங்களத்தில் 'உல்பத' என்றால் ஊற்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதாவது தமிழ் பேசிய நாயக்க வம்சத்துக் கண்ணுசாமி, அதற்குப் பக்கத்திலேயே வயல்வெளியை மறித்து வாவி கட்டினான். வேலை 1812ல் முடிந்தது. கட்ட மறுத்தவர்களை வாவியின் அடித்தரையிலேயே கழுவேற்றினான் என்று ஒரு கதை இன்றைக்கும் உலாவுது. உண்மையோ பொய்யோ, சனம் விரும்பிச் செய்த வேலை அல்ல என்பதற்கு அது சாட்சி. குடிக்கக் கட்டிய குளமும் அல்ல, அழகுக்குக் கட்டியது. மூன்றே வருடத்தில் அரசனைப் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். ராணிகளின் குளியல் மண்டபம் வெள்ளைக்காரப் படை அதிகாரிகளின் நூலகமானது. ஊற்றுக்கு மேலே புத்தகம்!

1865 சட்டத்தின்படி கண்டிக்கு மாநகரசபை வந்தது. நகரத்தின் தண்ணிக்காக ஹந்தானை மலைச்சரிவில், துனுமடலாவையில், இரண்டு நீர்த்தேக்கங்கள். இன்றைக்கு அங்கே போனால் பறவை பார்க்க வந்தவர்களைக் காணலாம், அவ்வளவு அடர்ந்த காடு. ஆனால் அது ஆதிக்காடு அல்ல. முன்னர் தோட்டமாகக் கிடந்த நிலம். நீரேந்தும் பகுதி கெடக்கூடாது என்று மாநகரசபை தன் கையில் வைத்துக் காத்ததால் திரும்பக் காடாகியது. இதைக் கவனியுங்கள். மேலே பயிர்செய்தால் கீழே தண்ணி கெடும் என்பது நகரத்துக்கு அப்போதே தெரியும்.

நகரம் பெருத்தபோது மலைத்தண்ணி போதவில்லை. ஆற்றுக்கு இறங்கினார்கள். கெட்டம்பேயில் மாநகரசபையின் சுத்திகரிப்பு நிலையம். பின்னாளில் ஜப்பான் கடனுதவியில் கட்டுகஸ்தோட்டையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெரிய நிலையம். ஆறு ஊற்று மாதிரி இல்லை. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருது. வாவியிலிருந்து வெளியேறும் 'மெத எல' ஓடை நகரத்தின் கழிவை அள்ளிக்கொண்டு கெட்டம்பேப் பக்கம் அதே ஆற்றில் விழுது. கொஹாகொட குப்பைமேட்டின் கசிவும் அந்த ஆற்றுக்குத்தான். 1999ல் வாவியே நீலப்பச்சைப் பாசி பூத்து நாறியது. 2007ல் கம்பளையில் செங்கமாரி பரவியபோது குடிநீர் மேலேதான் சந்தேகம் விழுந்தது. இதில் எதற்கும் வன்மை காரணமில்லை. கல்சியம் கேத்தலில் படை விட்டுக் காட்டிக்கொடுக்கும். கிருமி அப்படி ஒன்றும் விடாது. குளோரீன் மணக்குது என்று குழாயைத் திட்டும் நாங்கள், அந்த மணத்துக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

இனி அதே ஹந்தானைக்குத் திரும்பி ஏறுவோம். காட்டுக்கு அந்தப் பக்கம், கலஹா, லூல்கந்துர வரைக்கும் தேயிலை. லயங்களில் இருப்பது எங்கள் சனம். அங்கே தண்ணியின் பெயர் பீலி. மலையில் ஊற்றைக் கண்டுபிடித்து, மூங்கிலோ குழாயோ வைத்து இறக்கிய தண்ணி. கைக்குச் சில்லென்று, கண்ணாடி மாதிரி, சவர்க்காரம் போட்டால் அள்ளி நுரைக்கும். இந்த மாவட்டத்திலேயே மென்மையான தண்ணி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு மேலே இன்னொரு லயம், மாட்டுக்கொட்டில், மருந்தடித்த மலை. இடையில் வடியும் இல்லை, குளோரீனும் இல்லை. "பீலித்தண்ணி மாதிரி வருமா" என்று பாட்டிமார் சொல்லுவாங்க. ருசியைப் பற்றி அவங்க சொல்லுறது சரிதான்.

கீழே நகரத்துக்காக ஒரு தோட்டத்தையே காடாக்க முடிந்த நாட்டில், மேலே ஒரு வடிதொட்டி கட்ட ஏன் முடியாமல் போனது? பணம் பாதிக் காரணம். மீதி சட்டம். 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டச் சனத்தின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவருக்காக எந்த உறுப்பினர் சபையில் எழும்பிக் குழாய் கேட்பார்? அந்தப் பிரச்சினையின் கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003ல். அதற்கிடையில் 1987ன் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள்ளே சபை நிதியைச் செலவழிக்க முடியாது என்ற நிலை. தோட்டம் துரையின் பொறுப்பு. துரையோ கம்பனியைக் காட்டுவார். வரிசையாக நின்று வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபையே லயத்து வாசலில் வந்து நின்றுவிடும்.

2018ல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்யலாம், தோட்ட நிர்வாகத்தோடு பேசி. ஆக, உங்கள் தோட்டத்துப் பீலியின் தண்ணியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று பிரதேச சபையில் போய்க் கேட்கலாம். வன்மை எவ்வளவு என்று கேட்க வேண்டாம். மலக்கிருமி இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.