பத்து மாத அட்வான்ஸ்: ஒரு சென்னை வழக்கத்தின் வரலாறு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீடு தேடி அலைந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வாடகை எவ்வளவு?" என்ற கேள்விக்கு அடுத்தது "அட்வான்ஸ் எத்தனை மாசம்?" என்பதாகத்தான் இருந்திருக்கும். அதற்கு நெடுங்காலமாகப் பதில் ஒன்றுதான்: பத்து. மும்பைக்காரர்களிடமும் டெல்லிக்காரர்களிடமும் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் நம் கஷ்டம் புரியும், அங்கேயும் இதே கதைதான் என்பதால்.

இதில் என்ன வேடிக்கை என்றால், 1960 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அந்தச் சட்டம் 2019 வரை அமலில் இருந்தது. சட்டம் ஒன்று என்றது, ஊர் பத்து என்றது. கிட்டத்தட்ட அறுபது வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. இது எப்படி வந்தது? சட்டம் படிக்கிறவர்கள் ஒரு விதமாகச் சொல்லலாம். நான் பி.காம் படிப்பவன், எனவே வரலாற்றோடு கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கிறேன்.

கதை யுத்தத்தில் துவங்குகிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்த ஊர்களில் வாடகை தாறுமாறாக ஏறியது. கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் வாடகை தர மறுத்துப் போராட்டம் செய்தார்கள். 1915ல் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னாலேயே 1918ல் பம்பாயிலும் 1920ல் கல்கத்தாவிலும் இதே மாதிரி சட்டங்கள் வந்தன. சென்னையின் முறை இரண்டாம் உலகப்போரில் வந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941ல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது.

யுத்தம் முடிந்தால் ஆணையும் போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. 1941 கணக்கெடுப்பில் சென்னை நகரத்தின் ஜனத்தொகை சுமார் 7.8 லட்சம். 1951ல் 14.2 லட்சம். (நகர எல்லை விரிந்ததும் இதில் ஒரு காரணம்.) இத்தனை பேருக்கு வீடு எங்கே? ஆகவே ஆணை சட்டமாக மாறியது. முதலில் 1946ல், பிறகு 1949ல், கடைசியாக 1960ல். தற்காலிகம் என்று ஆரம்பித்தது நிரந்தரமாகிவிட்டது.

இந்தச் சட்டங்கள் எவ்வளவு தூரம் போயின என்று இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1949 சட்டத்தில் நியாய வாடகையைக் கணக்கிட அடிப்படை, 1940 ஏப்ரலுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்தப் பகுதியில் நிலவிய வாடகை. அதன்மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் கூட்டலாம். யுத்தகாலத்தில் அரிசி, துணி, செங்கல் எல்லாம் விலை ஏறிவிட்டன. வாடகை மட்டும் 1940க்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும்! 1960 சட்டம் வீட்டின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று முறையை மாற்றியது. 1973 திருத்தத்துக்குப் பின் குடியிருப்புக்கு வருடம் 9 சதவீதம், கடை கண்ணிகளுக்கு 12 சதவீதம். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அரசு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு விதி. அரசுக்குத் தேவைப்பட்டால் அந்த வீட்டைத் தன் ஊழியருக்கு ஒதுக்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், காலி செய்யச் சொல்வது. வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்த உபயோகம், இடித்துக் கட்டுதல் என்று சட்டம் சொன்ன காரணம் இருந்தால்தான் உண்டு. அதையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். மேல்முறையீடு, சீராய்வு மனு என்று போனால் வருடக்கணக்கு.

வாடகைக்கு இருப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு, மறுக்கவே முடியாது. ஆனால் பக்கவிளைவும் இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில், நடுவில் முற்றமும் ஒரே கிணறும் குழாயும் வைத்து நாலைந்து குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாடகை ஏறாது, ஆள் மாறாது. வீட்டுக்காரர் ஏன் ஓடு மாற்றப்போகிறார்? குடியிருப்பவரோ, எனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்பார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் வீடு ஒழுகும்.

தி.நகரும் அடையாறும் இதில் கொஞ்சம் வேறு மாதிரி. ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்று அழைத்த நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து 1920களில் உருவானது தி.நகர். சர் பிட்டி தியாகராயர் பெயரை வைத்தார்கள். அடையாறு காந்தி நகர், சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் கூட்டுறவு வீடு கட்டும் சங்கம் அமைத்த குடியிருப்பு. இரண்டும் தனி வீடுகளுக்காகப் போட்ட மனைகள். இந்த மாதிரி இடங்களில் பின்னாளில் வீட்டுக்காரர் கீழே இருந்துகொண்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விடுவது சகஜமானது. ஒரே கேட், ஒரே மோட்டார். குடிவந்தவர் வாடகையை நிறுத்திவிட்டு நகர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்ற பயம் வீட்டுக்காரருக்கு இருக்காதா?

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் அட்வான்ஸ் வளர்ந்தது என்று நினைக்கிறேன். வழக்கு நடக்கும் காலத்துக்கு ஒரு மாதப் பணம் எந்த மூலைக்கு? பத்து மாதம் கையில் இருந்தால் கொஞ்சம் தைரியம். கூடவே 11 மாத அக்ரிமெண்ட். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்கிறது. 11 மாதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. (ஊர் முழுக்க வருஷத்துக்குப் 11 மாதம்தான் போல!)

இப்போது கணக்கு. உதாரணத்துக்கு வாடகை 20,000, அட்வான்ஸ் 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 14,000, மாதம் சுமார் 1,167. அதாவது அவருக்கு உண்மையான வாடகை 21,167. இது கொடுப்பவர் கண்ணில் படாத வாடகை.

கொடுப்பவர் பக்கம் பாருங்கள். சேமிப்பு இருக்கிறவருக்கு நஷ்டம் அதே 1,167தான். இல்லாதவர் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு, கடன் வாங்கினால் மாதம் 4,000 வட்டி கட்ட வேண்டும். வீட்டுக்காரருக்குக் கிடைப்பது 1,167, இவர் இழப்பது 4,000. அவருக்கு உண்மையில் வாடகை 24,000! ஒரே வீடு, ஒரே அக்ரிமெண்ட். பணம் இருப்பவனுக்கு ஒரு வாடகை, இல்லாதவனுக்கு இன்னொரு வாடகை. எங்கள் வீட்டில் அட்வான்ஸுக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

இதையே கடைசி எல்லை வரை இழுத்தால் நம்ம ஊர் "லீஸ்" வரும், பழைய பெயர் ஒத்தி அல்லது போக்கியம். மொத்தமாகச் சில லட்சங்கள் கொடுத்துவிட்டால் மாத வாடகையே கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். தென் கொரியாவில் இதற்கு ஜோன்சே என்று பெயர். பணத்தை வாங்கியவர் திருப்பித் தர முடியாமல் போனால் குடியிருந்தவர் கதி என்ன என்பதுதான் இரண்டு ஊரிலும் ஆபத்து.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விலக்கை 1986ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கடைகளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லாதபோது வீடுகளுக்கு மட்டும் ஏன் என்பது கேள்வி. 1996ல் இன்னொரு தீர்ப்பு நேரடியாக அட்வான்ஸ் பற்றியது. ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைத்திருக்கும் பணத்தை வாடகை பாக்கியில் கழித்துக்கொள்ள வேண்டும், அந்தப் பணம் கையில் இருக்கும்போது "வேண்டுமென்றே பாக்கி வைத்தார்" என்று சொல்லி வெளியேற்ற முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கு என்று ஒன்று வந்தால்தானே அது உதவும்? வீடு பார்க்கப் போகும்போது சட்டப்பிரிவு பேசினால் சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

2000ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சம்பளம் அடையாறு, திருவான்மியூர் வாடகையைத் தூக்கிக்கொண்டு போனது. 1960 சட்டம் ஏட்டில் இருந்தது, புதிதாகப் போட்ட அக்ரிமெண்டுகளில் அதன் சுவடே இல்லை. கடைசியில் 2017ல் புதிய சட்டம் இயற்றி, 22.2.2019 முதல் அமல்படுத்தினார்கள். நியாய வாடகை என்ற கருத்தே போய்விட்டது, இருவரும் ஒத்துக்கொள்வதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. ஆனால் அந்தப் பிரிவு துவங்குவதே "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில்தான். பூட்டைக் கொடுத்து சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. மூன்று மாதம் போதும் என்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், பழைய பத்தை விடாதவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் புரிந்தவரை இந்த வரலாறு சொல்வது இதுதான். வீடு குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும் ஊரில், வாடகையை ஒரு பக்கம் அமுக்கினால் அது அட்வான்ஸ் என்ற பெயரில் இன்னொரு பக்கம் வெளியே வரும். "எத்தனை மாதம்" என்று மட்டும் சட்டம் எழுதினால் போதாது, அந்தப் பணம் யாருடையது என்பதையும் எழுத வேண்டும். ஜெர்மனியில் அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகை, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு சேர்க்காமல் தனியாக வங்கியில் போட வேண்டும், வட்டி குடியிருப்பவருக்குச் சேரும். அங்கே வீட்டுக்காரருக்கு உத்தரவாதமும் இருக்கிறது, குடியிருப்பவருக்கு மறைமுக வாடகையும் இல்லை.

பயப்படும் வீட்டுக்காரருக்கு வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும். குடிவருபவருக்குத் தன் பணத்தின் வட்டி வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காத எந்தச் சட்டமும் டு-லெட் போர்டுக்குக் கீழே நின்று பேரம் பேசுகிறவனுக்கு உதவாது. அடுத்த முறை அட்வான்ஸ் பேசும்போது மாதக் கணக்கை மட்டும் பார்க்காமல் வட்டிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எந்த வீடு மலிவு என்பது மாறிவிடலாம்.