ஓட மறுத்த மாதிரி இயந்திரம்

தலைநகரில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் பின்புறத்தே, ஸ்கூட்டர் நிறுத்துவதற்கென்று எழுப்பிய தகரக் கொட்டகை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் மூவர் அங்கே கூடி, நீராவியால் ஓடும் சிறு இயந்திரங்களைச் செய்து வருகிறோம். மூவரும் தமிழர். ஒருவர் கணக்கர். ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் முப்பதாண்டுக்கு மேல் பிட்டராக உழைத்து, ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர். மற்றவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே பிழைப்பு. இவ்வுரையை எழுதுபவரும் அவரே.

பெரியவர் எங்களோடு சேர்வதற்கு முன்னர் நிகழ்ந்ததை முதலிற் சொல்லிவிட வேண்டும். ஆலையொன்றை ஓட்டிய பழைய நீராவி இயந்திரத்தின் வரைபடம் எங்கள் கைக்குக் கிடைத்தது. அதன் உருளை 12 அங்குல விட்டமுடையது. எல்லா அளவுகளையும் பன்னிரண்டால் வகுத்தோம். உருளை 1 அங்குலம் ஆயிற்று. 3 அங்குல நீராவிக் குழாய் கால் அங்குலம் ஆயிற்று. இடைவெளி, கனம் யாவும் அவ்வாறே குறைந்தன. மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்த சிறு லேத்தில் பதினான்கு மாதம் கடைந்து, அராவி, மெருகேற்றினோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. நீராவியைத் திறந்தோம். சக்கரம் ஐந்து சுற்றுச் சுற்றியது, உருளையின் ஓரத்தில் வெந்நீர் கசிந்தது, பின்னர் நின்றேவிட்டது. எத்தனை முறை முயன்றும் ஐந்தாறு சுற்றுக்கு மேல் அது நகரவில்லை.

இதே நோய் 260 ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு மாதிரியையும் பீடித்திருந்தது என்பதும், அந்நோயை ஆராயப் புகுந்தவராலேயே உலகத்தின் தொழில்முறை மாறிற்று என்பதும் பின்னரே எங்களுக்குப் புலப்பட்டன.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், இயற்கைத் தத்துவ வகுப்பில் மாணவர்க்குக் காட்டுவதற்காக நியூகோமன் இயந்திரத்தின் மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தாமஸ் நியூகோமன் என்பார் 1712ஆம் ஆண்டு அமைத்த அவ்வகை இயந்திரம், சுரங்கங்களிலிருந்து நீர் இறைப்பதற்குப் பயன்பட்டது. அரை நூற்றாண்டாக இங்கிலாந்தில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்து மாதிரியோ ஓடவில்லை. பழுது பார்க்க இலண்டனுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியும் அது குணமடைந்தபாடில்லை. 1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜான் ஆண்டர்சன் என்ற பேராசிரியர் அதைப் பல்கலைக்கழகக் கருவித் தச்சரிடம் ஒப்படைத்தார். அத்தச்சர் இருபத்தேழு வயது இளைஞர். பெயர் ஜேம்ஸ் வாட்.

அம்மாதிரியின் உருளை 2 அங்குல விட்டமும், பிஸ்டன் ஓடும் தூரம் 6 அங்குலமும் உடையது. வாட் அதைச் செப்பனிட்டார். அது சில வீச்சுகள் இயங்கிற்று. உடனே கொதிகலனில் நீராவி தீர்ந்து நின்றது. சாதாரணக் கைவினைஞராயிருப்பின், கொதிகலன் சிறியது என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒரு கொள்ளளவு உருளைக்கு இவ்வளவு நீராவி எங்கே போகிறது என்று வாட் கேட்டார். அளந்தும் பார்த்தார். ஒவ்வொரு வீச்சிலும் உருளையின் கொள்ளளவைப் போலப் பன்மடங்கு நீராவி செலவாயிற்று.

நியூகோமன் இயந்திரத்தில், உருளைக்குள் நீராவியை நிரப்பிப் பின் அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவர். நீராவி சுருங்கி நீராகும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அத்துடன் உருளையும் குளிர்ந்துவிடும். அடுத்த முறை வரும் நீராவியிற் பெரும்பகுதி, குளிர்ந்த உலோகத்தைச் சூடாக்குவதிலேயே வீணாகும். பெரிய இயந்திரத்திலும் இந்நஷ்டம் உண்டு. மாதிரியிலோ அது பன்மடங்கு பெருகிற்று. அதன் பித்தளை உருளை, பெரிய இயந்திரத்தின் வார்ப்பிரும்பைக் காட்டிலும் வெப்பத்தை எளிதில் கடத்திற்று என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கணக்கைச் சார்ந்தது.

பானைச் சோறு நெடுநேரம் சூடாயிருப்பதையும், அதே சோறு கரண்டியில் வந்தவுடன் ஆறிவிடுவதையும் நம் இல்லங்களில் நாள்தோறும் காண்கிறோம். ஒரு பொருளின் நீளத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் மேற்பரப்பு 144இல் ஒரு பங்காகக் குறையும். அதன் கொள்ளளவோ 1,728இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே உள்ளே அடங்கும் நீராவியின் அளவோடு ஒப்பிட, அதைக் குளிர்விக்கும் சுவரின் பரப்பு பன்னிரண்டு மடங்கு மிகும். உருவத்தைச் சுருக்கலாம்; வெப்பம் அந்தச் சுருக்கத்துக்குக் கட்டுப்படாது. எங்கள் இயந்திரத்தின் ஓரத்தில் வெந்நீர் கசிந்ததன் இரகசியம் இதுவே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் இதை முன்னரே ஊகித்திருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்த சுற்றறிக்கை மூலத்தைப் போலவே தோன்றும். எந்த அலுவலகத்திலும் அது ஓடாது.

வாட் உருளையை மரத்தால் செய்து, ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தும் சோதித்தார். அது நிலைக்கவில்லை. அவர் தேடிய விடை 1765ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு ஞாயிறன்று, கிளாஸ்கோ நகரின் புல்வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது உதித்தது. நீராவியை உருளைக்குள் குளிர்விக்க வேண்டியதில்லை. அருகே மற்றொரு கலத்தை அமைத்து, அதனுள் இழுத்துக் குளிர்விக்கலாம். உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். குளிர்கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். மருத்துவர் பயன்படுத்தும் பித்தளைப் பீச்சாங்குழலை உருளையாகக் கொண்டு, சிறு மாதிரி ஒன்றைச் செய்து இதை மெய்ப்பித்தார். 1769இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் மேசை மாதிரியிலிருந்து சுரங்கத்து இயந்திரத்துக்குச் செல்லும் வழியிலும் இயற்கை குறுக்கே நின்றது. பீச்சாங்குழலில் பிஸ்டன் காற்றுப் புகாமல் பொருந்தும். பல அடி உயரமுள்ள உருளையை அவ்வளவு வட்டமாகக் கடைய வல்லார் அக்காலத்தில் அரியர். பீரங்கி துளைப்பதற்கென ஜான் வில்கின்சன் அமைத்த துளைப்பொறியே கை கொடுத்தது. அவர் கடைந்த 50 அங்குல உருளையில் எவ்விடத்தும் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனமளவுகூடப் பிழையில்லை என்று, வாட்டின் கூட்டாளியான மாத்தியூ போல்டன் 1776இல் வியந்து எழுதினார். புல்வெளியில் உதித்த எண்ணம் தொழிலுக்கு வரப் பதினோராண்டு பிடித்தது.

வாட்டின் முதுமையைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. பொருளும் புகழும் பெற்ற பின்னர், தம் வீட்டு மேல்மாடத்தில் ஒரு பட்டறை அமைத்து, சிற்பங்களைப் பிரதி எடுக்கும் பொறிகளை உருவாக்குவதில் அவர் பொழுதைக் கழித்தார். அவற்றுள் ஒன்று சிலையை அளவிற் சுருக்கிச் செதுக்குவது. மாதிரி சிறுத்ததால் வந்த தொல்லையையே தம் பெருவாழ்வின் வாயிலாகக் கொண்டவர், சுருக்கினாலும் கெடாத ஒன்றைக் கடைசியில் தேர்ந்துகொண்டாரோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. 1819இல் அவர் மறைந்த பின்னர் அவ்வறை மூடிக் கிடந்தது. 1924இல் அதிலுள்ள கருவிகள் யாவும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

அதே 1924ஆம் ஆண்டு, மாதிரி செய்வோர் உலகிலும் ஒரு பெரிய வழக்குத் தீர்ந்தது. வீட்டுப் பட்டறையில் இயந்திரம் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எழுத்தர், ஆசிரியர், மருத்துவர், கைவினைஞர் முதலியோருக்கென்று, பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898 ஜனவரியில் ‘தி மாடல் என்ஜினியர் அண்ட் அமெச்சூர் எலெக்ட்ரிஷியன்’ என்ற இதழைத் தொடங்கியிருந்தார். அதே ஆண்டில் இலண்டனில் அவர்களுக்கு ஒரு சங்கமும் அமைந்தது. பகலில் பேனா பிடித்தோர் இரவில் அரம் பிடித்தனர். அவர்கள் வாங்கிய ரயில் மாதிரிகள் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கால் நீரைச் சூடாக்குபவை. சிறிய கொதிகலனில் நிலக்கரி எரியாது. அதைக்கொண்டு மனிதனை இழுப்பது வீண் கனவு என்று வல்லுநர் பலர் உறுதியாகச் சொல்லி வந்தனர்.

1922இல் அவ்விதழின் கடிதப் பகுதியில் ஒருவர் இதை மறுத்தார். ரயில்வேயில் கரி போட்டுப் பழகியவர். தாம் வேலை செய்த ரயில்வேயின் பெயர்ச் சுருக்கத்தையே புனைபெயராகக் கொண்டு, ‘எல்.பி.எஸ்.சி.’ என்று கையெழுத்திட்டார். அவர் செய்த ‘அயேஷா’ என்னும் எஞ்சின் இரண்டரை அங்குல இருப்புப் பாதையில் ஓடுவது, கரியில் இயங்குவது. ‘கொதிகலன் போர்’ என்று பெயர் பெற்ற அவ்விவாதம் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. 1924இல் நடந்த கண்காட்சியில், அயேஷா ஆட்கள் அமர்ந்த வண்டியை இழுத்துச் சென்றது.

அவருடைய திறமை எங்கே இருந்தது? பெரிய எஞ்சினின் கொதிகலனில் நூற்றுக்கு மேற்பட்ட குழாய்கள் நெருக்கமாக அமைந்திருக்கும். இரண்டங்குலக் குழாயைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் அது அங்குலத்தில் ஆறிலொரு பங்காகும். அதில் புகை ஊடுருவாது. கரி படிந்து அன்றே அடைபடும். எல்.பி.எஸ்.சி. குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினார். வெளித்தோற்றம் பெரிய எஞ்சினைப் போன்றது. உள்ளமைப்போ நெருப்பும் நீரும் விரும்பியபடி. அதன் பின்னர் 1967இல் மறையும்வரை, சிறு லேத்தும் கையரமும் உடைய எவரும் பின்பற்றக்கூடிய எளிய நடையில், எண்ணற்ற எஞ்சின்களைச் செய்யும் முறையை எழுதிவந்தார்.

இனி எங்கள் கொட்டகைக்குத் திரும்புகிறோம். பெரியவர் வந்த அன்று இயந்திரத்தைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். “உருளைக்குக் குளிருது. சட்டை போடுங்க” என்றார். அவ்வளவே. உருளைமேல் கம்பளித் துணி சுற்றி, அதன்மேல் தேக்குச் சிம்புகளைப் பித்தளைப் பட்டையால் இறுக்கினோம். நீராவிக் குழாயை வெட்டிக் குட்டையாக்கினோம்; உள்விட்டத்தைப் பெரிதாக்கினோம். உருளையின் இரு முனையிலும் நீர் வடியச் சிறு குழாய்த்திருகு வைத்து, சூடேறும்வரை அவற்றைத் திறந்தே வைக்கக் கற்றோம். பிஸ்டனைச் சுற்றி, காரீயப் பொடி தோய்த்த நூற்கயிற்றை இறுக்கமாக அன்றி மெல்ல அடைத்தோம்.

கைவேலையிலும் அவர் பலவற்றைத் திருத்தினார். புதிய டிரில் பித்தளையில் திருகாணி போல் பாய்ந்து வேலையைப் பிடுங்கும்; அதன் வெட்டுமுனையைச் சாணைக்கல்லில் சற்றே மழுக்கினால் பதமாய் இறங்கும். மரை வெட்டும் டாப்பைச் சுற்றும்போது, சிறிது முன்னே சென்றவுடன் அரைச்சுற்றுப் பின்னே திருப்பிச் சீவலை முறிக்க வேண்டும். இதை அறியாமல் நாங்கள் ஒடித்தவை இரண்டு. அவற்றுள் ஒன்று இன்றும் ஒரு தகட்டினுள் புதைந்து கிடக்கிறது. செம்புத் தகடு தட்டத் தட்ட முரடாகும்; மங்கிய செந்நிறம் வரச் சூடேற்றி நீரில் அமிழ்த்தினால் மீண்டும் இளகும். எஃகு அவ்வாறன்று, சூடேற்றி அமிழ்த்தினால் இறுகும். எங்கள் கணக்கர் இதை நம்பாமல் இரண்டையும் செய்து பார்த்த பின்னரே ஒப்புக்கொண்டார்.

கொதிகலனைப் பற்றி மட்டும் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. முதற் கொதிகலனைப் பித்தளைத் தகட்டால் செய்து, ஈயப் பற்றாசு கொண்டு ஒட்டியிருந்தோம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் உருகும். நீர் நிரம்பியிருக்கும்வரை தகடு அவ்வெப்பத்தை எட்டாது. ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் நீர் குறைந்ததைக் கவனிக்கவில்லை. பற்று உருகி, ஓரம் பிளந்து, நீராவி எதிர்ச்சுவரில் அடித்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. சிறிது நேரத்துக்கு முன்னர்தான் அண்டை வீட்டுச் சிறுவன் அச்சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா கூப்பிட்டதால் போயிருந்தான். பெரியவர் எங்களைக் கடியவில்லை. அன்று அவர் தேநீர் குடிக்காமல் எழுந்து சென்றார். அது போதுமானதாயிருந்தது.

மறு ஞாயிறன்று செம்புத் தகட்டோடு வந்தார். தகட்டின் ஓரங்களை மடித்து, சுத்தமாகத் தேய்த்து, வெண்காரக் குழம்பு பூசி, வெள்ளிப் பற்றாசால் இணைத்தோம். சுடரைப் பற்றாசின்மேல் காட்டலாகாது. வேலை முழுவதையும் சூடாக்கி, அச்சூட்டில் பற்றாசு தானே உருகி இடுக்கில் ஓட வேண்டும். பிறகு நீராவி ஏற்றுமுன் குளிர்ந்த நீரை நிரப்பி, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு அழுத்தம் கொடுத்தோம். நாங்கள் ஓட்டக் கருதியது 60 பவுண்டில். நீர் சுருங்காத பொருளாகையால் ஓட்டை இருந்தால் சொட்டுமேயன்றி வெடிக்காது. நீராவி கொண்டு சோதிப்பவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார். முதற் சோதனையில் இரண்டிடத்தில் சொட்டிற்று. மீண்டும் ஒட்டினோம். இரண்டாம் சோதனையில் கால் மணி நேரம் முள் அசையவில்லை.

சென்ற மாதம் அதே உருளையை, அதே சக்கரத்தை, புதிய கொதிகலனோடு இணைத்து ஓட்டினோம். முதலில் வழக்கம்போல் வெந்நீர் துப்பியது. வடிகுழாய்களை மூடியதும் சக்கரம் நிதானமாகச் சுற்றத் தொடங்கிற்று. கணக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதினேழு நிமிடம் ஓடிப் பின்னர் நின்றது. விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. கொதிகலனில் பாதி நீர் மிச்சமிருந்தது. பெரியவர் குனிந்து, உருளையைப் போர்த்திய தேக்குச் சிம்பின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவர் தேநீர் கேட்டார்.