குரல்வளைப் புற்றுநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி

முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்கு அவ்வுறுப்பை முழுவதும் அறுத்தகற்றுவதே நெடுங்காலம் பிரதான சிகிச்சையாக இருந்துவர, ரோகியின் உயிரோடு குரலையும் காத்தல் கூடுமா என்பதை அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 பேரிடம் பரிசோதித்து, சிஸ்பிளாட்டின் முதலிய ஔஷதங்களும் அவற்றைத் தொடர்ந்த கதிர்வீச்சும் ஆயுளைக் குறைக்காமலே ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் குரல்வளையைக் காத்தன என்று 1991இல் வெளியிட்டன. மருந்தையும் கதிரையும் ஏககாலத்தில் அளிப்பது குரல்வளையைக் காப்பதில் அதனினும் மேலானதென 2003இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் விழுங்கும் சக்தி குன்றுவது இம்முறையின் பெருங்குறை.

இந்நோய்க்கு ஏதுவான புகையும் சம்சு எனும் மலிவான சாராயமும் பலரைப் பீடித்த மலேசியாவின் பேராக் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சிலிபின் போன்ற ஈப்போப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த எளிய குடும்பங்களை எண்ணுங்கால், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சியே நம் விசேஷ கவனத்துக்குரியது. குணப்படுத்த இயலாத நிலையை எய்திய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நிகழ்ந்த அப்பரிசோதனையில், மலிவான மாத்திரைகளோடு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மருந்து சேர்க்கப்பட்டபோது, ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் 16.3லிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது.