ஹெர்ஸ்டாலில் பிறந்து மணியாச்சியில் வெடித்தது

பழைய ராணுவத் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லும் லீ-என்ஃபீல்டைக் கையில் எடுத்தால், போல்ட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புப் பட்டையில் மகுடம், மன்னரின் பெயரெழுத்து, செய்த ஆலை, ஆண்டு எல்லாம் பொறித்திருக்கும். கட்டையில் பதித்த பித்தளை வில்லை தப்பியிருந்தால் எந்தப் படைப்பிரிவிடம் இருந்தது என்பதும் தெரிந்துவிடும். கலெக்டர் ஆஷைக் கொன்ற, தென்காசிச் சீமையின் பேர்பெற்ற துப்பாக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது கள்ளத்தனமாக வந்தது. அதன் வரலாற்றை அப்ரூவர்களின் வாக்குமூலத்திலும் போலீஸ் குறிப்பிலும்தான் பொறுக்க வேண்டும்.

அது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. லீஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் 1889-இல் ஃபாப்ரிக் நாசியோனால் என்ற ஆலை தொடங்கியது. பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மவுசர் ரைஃபிள்கள் செய்து கொடுப்பதே அதன் முதல் வேலை. அந்த ஒப்பந்தம் முடிந்தபின் ஆலைக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங்கின் தானியங்கிக் கைத்துப்பாக்கி அதற்கு வழிகாட்டியது. தட்டையானது, சட்டைப்பையில் அடங்கும், ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். 1914-க்குள் பத்து லட்சம் செய்துவிட்டார்கள். வாங்கியவர்களில் ஐரோப்பியக் கனவான்கள் ஏராளம். ஆனால் சரித்திரத்தில் நின்றது கொலையாளிகளின் கையில் இருந்தவைதான். 1904-இல் பின்லாந்தின் ரஷ்ய கவர்னர் போப்ரிகோவும், 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இதோ ஹிரோபூமியும் இந்த ஆலைத் துப்பாக்கிக்கே பலியானார்கள்.

இந்தியாவுக்கு அது வந்த பாதை லண்டன் வழியாக. 1909-இல் சாவர்க்கர், இந்தியா ஹவுஸின் சமையற்காரர் சதுர்புஜ் அமீனிடம் 20 பிரவுனிங்குகளைக் கள்ள அடித்தட்டு வைத்த பெட்டியில் கொடுத்தனுப்பினார். அவற்றில் ஒன்று அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர் போலீசின் கண்ணில் மண்ணைத் தூவி 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரர் மண். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் மண். சட்டத்தின் இந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஆள், செங்கோட்டைக்காரர், புனலூர் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன். 1911 தொடக்கத்தில் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி போனார். ஐயரிடம் சுடப் பழகினார் என்பது பின்னால் ஆஷ் கொலை வழக்கில் வந்த செய்தி. துப்பாக்கியும் அங்கிருந்து வந்ததாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். பாரிஸிலிருந்து மேடம் காமா அனுப்பினார் என்பாரும் உண்டு. எனக்கென்னவோ அனுப்பியவரின் பெயரைவிட, அந்தப் பொருள் எந்தெந்தக் கொடியின்கீழ் பத்திரமாக இருந்தது என்பதே பெரிய செய்தியாகப் படுகிறது.

ஆள்கள் அதற்கு முன்பே தயாராகிவிட்டார்கள். நீலகண்ட பிரம்மச்சாரி 1910-இல் தென்காசி, தூத்துக்குடி என்று ரகசியக் கூட்டங்கள் நடத்தினார். வெள்ளையரின் ரத்தமாகப் பாவித்துக் குங்குமம் கரைத்த நீரைக் குடித்தோம் என்று அப்ரூவர் பின்னால் கோர்ட்டில் சொன்னார். மலையைக் குடைந்து போட்ட புனலூர் ரயில்பாதை 1904-இல் திறந்தாகிவிட்டது. மலைக்கு அந்தப்புறத்து வேலையையும் இந்தப்புறத்துச் சதியையும் அது ஒரே நாளில் பார்க்கும் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தது.

1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலிப் பொறுப்புக் கலெக்டர் ஆஷ், மனைவி மேரியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பி, மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நசுக்கியவர் என்ற கோபம் அவர்மீது ஊர்முழுக்க இருந்தது. வாஞ்சி பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தன் வாயில் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கு இன்னும் ஐந்தே நாள். சட்டைப்பையிலிருந்த கடிதத்திலும் அந்த முடிசூட்டின்மீதுதான் ஆத்திரம். அந்தக் கடிதத்தில் தேசபக்தி எவ்வளவு, சாதியாசாரம் எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கடிதத்தைப் படித்தால் இரண்டும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பது தெரியும்.

வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் நடந்தது. 14 பேர் கூண்டில் நின்றார்கள். நீலகண்டருக்கு ஏழாண்டு. சுட்டவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கொடுத்தவர், பழக்கியவர் பக்கம்தான் விசாரணை போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் புதுச்சேரியில் முடிந்தது. ஐயரை அங்கே தொட முடியவில்லை. முதல் உலகப் போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்தபின்தான் அவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். 1925 ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து இறந்தார். செங்கோட்டையும் அதே மலையடிவாரம்தான். துப்பாக்கி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறியது என்று எந்தக் கோர்ட்டிலும் அவர் கடைசிவரை சொல்ல நேரவில்லை.