மாற்று இதயமும் மறவாத உடலும்

மனித உடலைக் காக்க இயற்கை அமைத்த காவற்படை ஒன்று உண்டு. புறத்திலிருந்து புகும் நோய்க்கிருமிகளை இனங்கண்டு அழிப்பதே அதன் பணியாகும். அப்படை இல்லையெனின் சிறு காயமும் உயிரைப் பறிக்கும். ஆயின், உயிர்காக்கப் பொருத்திய மாற்று இதயத்தையும் அதே படை பகையெனக் கருதித் தாக்கியபோது மருத்துவ உலகம் திகைத்தது. அத்திகைப்பின் வரலாறு அறியத்தக்கது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தீப்புண் பட்டோருக்குப் பிறர் தோலை ஒட்டும் முயற்சிகளைப் பிரிட்டன் அறிஞர் பீட்டர் மெடவார் ஆராய்ந்தார். ஒட்டிய தோல் சில நாள்களில் அழிந்தது. அதே கொடையாளரின் தோலை மீண்டும் ஒட்டியபோது முன்னினும் விரைவாக அழிந்தது. உடல் அயற்பொருளை எதிர்ப்பதுடன் அமையாது, அதனை நினைவிலும் கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1954 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில், ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டது. இருவர் உடலும் ஒரே தன்மையன ஆதலின் மறுப்பு எழவில்லை.

1967 டிசம்பர் 3 ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். அதனைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி பதினெட்டு நாள்களில் நுரையீரல் அழற்சியால் மாண்டார். மறுப்பைத் தடுக்க அளித்த மருந்துகள் கிருமிகளை எதிர்க்கும் வலிமையையும் குறைத்திருந்தன. காவற்படையை அடக்கினால் கிருமி வெல்லும். அடக்காவிடின் இதயம் வீழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியே மருத்துவர் செல்ல வேண்டிய வழியாயிற்று.

1968 ஜனவரி 2 ஆம் நாள் பல் மருத்துவர் பிலிப் பிளைபெர்க் மாற்று இதயம் பெற்றார். நிறவெறிச் சட்டம் ஆட்சி செய்த அந்நாட்டில், வெள்ளையரான அவருக்கு உயிரளித்தது கலப்பினத்தவரான 24 வயது இளைஞரின் இதயம் என்பது குறிப்பிடத்தக்கது. சட்டம் வகுத்த தோல்நிறப் பிரிவினையை உடல் அறியாது. உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள புரத அடையாளங்களையே அது நோக்கும். பிளைபெர்க் பத்தொன்பது திங்கள் வாழ்ந்தார். அவர் மறைவுக்குப் பின் அவ்விதயத்தை ஆராய்ந்தோர் வியப்புற்றனர். இளைஞரின் இதயத்திலிருந்த இரத்தக் குழாய்கள், முதியோருக்குரியன போல் தடித்து அடைபட்டிருந்தன.

நீண்டகால மறுப்பின் இயல்பை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி இதுவே. உடனடி மறுப்பில் வெள்ளணுக்கள் இதயத்தசையைத் தாக்கும். நீண்டகால மறுப்போ ஓசையின்றி நிகழ்வது. வெள்ளணுக்களும் எதிர்ப்புப் பொருள்களும் இரத்தக் குழாய்களின் உட்சுவரை இடைவிடாது தாக்குகின்றன. புண்பட்ட சுவர் தன்னைச் செப்பனிட முயலுங்கால் தசையணுக்கள் பெருகுகின்றன. சுவர் சுற்றிலும் தடிக்கிறது. குருதி செல்லும் வழி சுருங்குகிறது. அறுவையின்போது நரம்புகள் துண்டிக்கப்படுவதால், நோயாளர் பலருக்கு எச்சரிக்கும் நெஞ்சுவலியும் தோன்றுவதில்லை.

1968 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ நூறு அறுவைகள் நடந்தன. பெரும்பாலோர் விரைவில் இறக்கவே பல மருத்துவமனைகள் இம்முயற்சியைக் கைவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் நார்மன் ஷம்வே பொறுமையுடன் ஆய்வைத் தொடர்ந்தார். இதயத்தசையில் சிறு துணுக்கை எடுத்து, மறுப்பை முன்னரே அறியும் முறை அங்கு உருவாயிற்று. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்லோஸ்போரின் என்னும் மருந்து, 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை முற்றும் குலைக்காமல் மறுப்பைத் தணித்த அம்மருந்தால் இதய மாற்று மறுமலர்ச்சி பெற்றது.

இன்று மாற்று இதயம் பெற்றோருள் பாதிப் பேருக்கு மேல் பத்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். எனினும், பத்தாண்டு வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் குழாய்த் தடிப்பு காணப்படுகிறது. மருந்துகள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன, அடியோடு நீக்குவதில்லை. முற்றிய நிலையில் மற்றோர் இதயம் பொருத்துவதே வழியாகிறது.

கைத்திறனால் இதயத்தை இடம் மாற்றக் கற்றவர் சில ஆண்டுகளில் வெற்றி கண்டனர். உடலின் நினைவை மாற்றக் கற்கும் முயற்சியோ அரை நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கின்றது. பிளைபெர்க்கின் இதயம் எழுப்பிய வினாவுக்கு முழு விடை காண்பது, இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும் உரிய பணியாகும்.