சேது ரோடும் சத்திரத்துச் சோறும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம் போகிறவங்க எங்க மணமேல்குடியை ரெண்டு நிமிஷத்தில் தாண்டிடுவீங்க. ஒரு டீக்கடை, ஒரு வேகத்தடை, நாலு ஆட்டோ, அவ்வளவுதான் கண்ணில் படும். ஆனா நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊரைத் தாண்ட ஒருத்தருக்கு ஒரு ராத்திரியாவது ஆகும். ஏன்னா அப்போ எல்லாரும் நடந்து வந்தாங்க. ராத்திரி இங்கே சத்திரத்தில் படுத்து, விடியக் கருக்கலில் எழுந்து, வெயில் ஏறுறதுக்குள்ள அடுத்த ஊர் பார்த்து நடப்பாங்க.

இந்தப் பாதைக்குப் பேரு சேது ரோடு. தஞ்சாவூரில் கிளம்பி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியா கடலோரம் இறங்கி, சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம்னு போகும். கடைசியில் மண்டபத்தில் தோணி ஏறி பாம்பன் தீவு. தஞ்சாவூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேலே. பெரியவங்க காதக் கணக்கில் சொல்வாங்க. ஒரு காதம்னா சுமார் 10 மைல். ஒரு நாளைக்கு ஒரு காதம் நடந்தா ராமேஸ்வரம் சேர ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். காசியிலிருந்து கங்கைத் தண்ணியைச் சொம்பில் அடைச்சு, காவடி மாதிரி தோளில் தூக்கிட்டு வர்ற வடநாட்டுக்காரங்களுக்கு மாசக்கணக்கு.

வழியில் மலை கிடையாது, பெரிய காடு கிடையாது. ஒரு பக்கம் கடல் காத்து, இன்னொரு பக்கம் வயலும் கண்மாயும் பனங்காடும். கால் வலிக்காத சமதரை. ஆனா அந்தக் காலத்தில் பயம் இருந்தது. கள்ளர் பயம், வெயில் பயம், தண்ணி கிடைக்காத பயம். 1600-களின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் சடைக்கன் சேதுபதியை ராமநாதபுரத்தில் அமர்த்தியதற்கு ஒரு காரணமே, ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்கு வழிக்காவல் வேணும்னுதான். சேதுபதிங்கிற பட்டத்துக்கே சேதுவைக் காக்கிறவர்னுதான் அர்த்தம்.

காவல் ராமநாதபுரம் பக்கம். சோறு தஞ்சாவூர் பக்கம். தஞ்சை மராட்டிய ராஜாக்கள் இந்த ரோட்டில் வரிசையா சத்திரம் கட்டினாங்க. பெரும்பாலும் ராணிகள் பேரில். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் 1802-ல் சரபோஜி ராஜா கட்டிய முக்தாம்பாள் சத்திரம். மணமேல்குடியிலும் மீமிசலிலும் இருந்தது. சேதுபாவாசத்திரத்துக்கு ஊர்ப் பேரே சத்திரம்தான். 'புதுக்கோட்டை மாவட்டத்தில் தஞ்சாவூர் ராஜாவுக்கு என்ன வேலை'ன்னு கேட்பீங்க. 1974-ல்தான் புதுக்கோட்டை மாவட்டமே வந்தது. அதுக்கு முன்னாடி அறந்தாங்கிச் சீமையான நாங்க எல்லாம் தஞ்சாவூர் ஜில்லாக்காரங்க.

சத்திரத்தில் என்ன நடந்ததுங்கிறதுக்கு ராஜாவே எழுதின சாட்சி இருக்கு. 1799-ல் கும்பினிக்காரங்க தஞ்சாவூர் நாட்டை வாங்கிட்டு, சரபோஜிக்குக் கோட்டையையும் கொஞ்சம் பணத்தையும் விட்டாங்க. நாடு போச்சு. அப்புறம் 1801-ல் அவர் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடுதாசி எழுதுறார். அதில் அவர் கெஞ்சிக் கேட்கிறது சத்திரங்களுக்காக. சத்திர நிர்வாகத்தை மட்டும் என்கிட்டே விட்டுடுங்கன்னு கேட்கிறார்.

அந்தக் கடுதாசியில் உள்ள விவரம் இது: பிராமணர் முதல் பறையர் வரைக்கும், ஜோகி, ஜங்கமர், பைராகி யார் வந்தாலும் சோறு உண்டு. சமைச்ச சோறு வேணாம்னா அரிசியும் சாமானும் கொடுப்பாங்க. நடுச்சாமத்தில் ஒரு மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராச்சும் இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்க. கைக்குழந்தைக்குப் பால். நோயாளிக்கு வைத்தியர். வழியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, வாத்தியார் வச்சுப் படிப்பு. வந்த இடத்தில் செத்துப்போனா அவங்கவங்க முறைப்படி காரியம்.

ராஜா எழுதினதுங்கிறதால் எல்லாத்தையும் அப்படியே நம்பணும்னு நான் சொல்லலை. ஜாதிக்கு ஒரு பந்தி, ஜாதிக்கு ஒரு திண்ணைன்னு இருந்த காலம் அது. இன்னொண்ணும் சொல்லணும். அந்தச் சோறு ராஜா வீட்டுப் பத்தாயத்திலிருந்து வரலை. சத்திரத்துக்குன்னு கிராமங்களை எழுதி வச்சிருந்தாங்க. அந்த வயல்களில் உழுதவன், நாத்து நட்டவள், களத்தில் நெல் அளந்தவன் உழைப்புதான் நடுச்சாமத்து மணியா அடிச்சது. ராஜா பேரும் ராணி பேரும் கல்வெட்டில் இருக்கு. உழுதவன் பேரு இல்லை. அதனால விவசாயியா நான் இதைச் சொல்லாம விட முடியாது.

சத்திரத்துக்கும் சத்திரத்துக்கும் இடையே இன்னொரு ஏற்பாடு. அது ராஜா செஞ்சது இல்லை, ஊர்க்காரங்க செஞ்சது. சுமைதாங்கி. ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வச்சிருப்பாங்க, ஆள் தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோட வர்றவங்க யாரையும் கைகொடுக்கச் சொல்லாம, குனியாம, சுமையை அப்படியே அதில் இறக்கி வச்சு இளைப்பாறலாம். வயித்துப் பிள்ளையோட இறந்துபோன பொண்ணு நினைவா அவ வீட்டார் நட்டு வைக்கிறது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோட போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல். எங்க அப்பத்தா அந்தக் கல்லைத் தாண்டும்போது வெறுமனே போகமாட்டாங்க. கையால தொட்டுக் கும்பிட்டுட்டு, "ஐயா, இதுவும் நம்ம வீட்டுப் பொண்ணுதான்யா"ன்னு சொல்வாங்க.

இப்படி ஓடின பாதை எப்படி நின்னது? முதல் அடி ரயில். 1903-ல் ரயில் அறந்தாங்கி வரைக்கும் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தாங்க. ரெண்டு வாரம் நடந்தவங்க ஒரே ராத்திரியில் போய்ச் சேர்ந்தாங்க. அதைக் குறை சொல்ல முடியாது. நடக்க முடியாத கிழவிகளும் ராமநாதசாமியைப் பார்த்தாங்களே.

ரெண்டாவது அடி சத்திரத்துக்கு. 1855-ல் தஞ்சாவூரில் ராஜ வாரிசு முடிஞ்சது. சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயிடுச்சு. வழிப்போக்கர் குறையக் குறைய, சில கட்டடம் பள்ளிக்கூடமாச்சு, விடுதியாச்சு. சிலது ஆலமரம் வேர்விட்டு இடிஞ்சுபோச்சு. மூணாவது அடி இந்த அகல ரோடு. ரெண்டு பக்கமும் நின்ன புளியமரங்கள் பல இடத்தில் போயிடுச்சு. மிச்சம் நின்ன மரத்தில் பாதியை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்ச்சது. இன்னைக்கு மத்தியானம் அந்த ரோட்டில் நடந்து பாருங்க, ஒதுங்க நிழல் தேடணும்.

பிரான்ஸில் இதே மாதிரி ஒரு பாதை இருக்கு. லெ புய்னு ஒரு ஊரில் கிளம்பி, ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ கோயிலுக்குப் போகிற பழைய யாத்திரை வழி. அங்கேயும் ரயில் வந்தது, கார் வந்தது, நடக்கிறவங்க குறைஞ்சாங்க. ஆனா 1947-லிருந்து அந்த நாட்டில் நடைபாதைகளை அடையாளம் போட ஆரம்பிச்சாங்க. மரத்திலும் கல்லிலும் வெள்ளையும் சிவப்புமா ரெண்டு கோடு. அதைப் பார்த்துக்கிட்டே மாட்டுப் பண்ணை, கோதுமைக் காடு, சின்னச் சின்ன ஊர் வழியா நடந்து போகலாம். பிரான்ஸில் உள்ள சந்தியாகோ வழிகளை 1998-ல் யுனெஸ்கோ உலகச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கோடு மட்டும் பாதையைக் காப்பாத்தலை. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு விடுதி, ராத்திரிச் சாப்பாடு, இதெல்லாம் இருந்ததால்தான் ஆள் வந்தாங்க. ஊர்க்காரங்களுக்கும் அதில் நாலு காசு கிடைக்குது.

நம்மிடம் அது இல்லைன்னு நினைக்காதீங்க. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடக்கிறவங்களைப் பாருங்க. வழி நெடுக மோர்ப்பந்தல், அன்னதானம். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கிறவங்களுக்கும் அப்படித்தான், எந்த மதம்னு கேட்காம தண்ணி கொடுக்கிறாங்க. சோறு போடுற ஊர் இருக்கிற இடத்தில் பாதை உயிரோட இருக்கு. சேது ரோட்டில் கால் மட்டும் நிக்கலை, முதலில் மணிச்சத்தம் நின்னது.

பட்டணத்து நண்பர்கள் பலர் கொடைக்கானல், இமயமலைன்னு நடக்கப் போறீங்க. நல்லது. ஒரு தடவை மார்கழி, தை மாசத்தில் இந்தப் பக்கமும் வாங்க. மழை ஓய்ஞ்சு, நெல் பழுத்து நிக்கும். மெயின் ரோட்டில் நடக்காதீங்க, லாரி வேகம் தாங்காது. மணமேல்குடியிலிருந்து கோடியக்கரைக்குக் காலையில் கிளம்பினா மெதுவா நடந்தே கடலைப் பார்த்துட்டுத் திரும்பலாம். வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை வேற, இது எங்க ஊர்க் கோடியக்கரை. தெற்கு வெள்ளாறு கடலில் சேர்றது இந்தப் பக்கம்தான். அறுபத்துமூவரில் ஒருத்தரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊரும் மணமேல்குடிதான். கட்டுமாவடிக்கு வடக்கே மனோராவும் பார்க்கலாம். ஐரோப்பாவில் நெப்போலியன் தோத்த சேதிக்காகச் சரபோஜி நம்ம கடற்கரையில் கட்டின எட்டடுக்கு கோபுரம் அது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்க சொந்த ஊரில் சுமைதாங்கி இருக்கான்னு அடுத்த தடவை போகும்போது பாருங்க. எங்க பக்கத்தில் ஒண்ணை ரோடு வேலையில் பெயர்த்தெடுத்து, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாப் போட்டுட்டாங்க. இப்போ அதன் மேலே பைக் போகுது. நாங்க நாலு பேர் சேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கோம், வேற கல்லை நாங்களே தர்றோம், அதை எடுத்துப் பழைய இடத்தில் நட்டுக் கொடுங்கன்னு. அறுப்பு முடிஞ்சதும் மறுபடியும் போய்க் கேட்கணும்.